பாலிசியில் டிரஸ்டி என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்களா?

“தம்பி, என் இன்சூரன்ஸ்ல உன் பேரப் போட்டிருக்கேன், இங்க ஒரு கையெழுத்து போடு” என்று அண்ணன் படிவத்தை நீட்டினால் நம்மில் பலர் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. அண்ணன் கேட்கிறார், எப்படி மாட்டேன் என்பது? ஆனால் அந்தப் பெயர் படிவத்தில் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான், நாளைக்கு அந்தப் பணம் அவர் பிள்ளைகளுக்கு முழுதாகப் போய்ச் சேருமா, இல்லை பேங்க் கடனுக்கும் மற்றதுக்கும் போக மிச்சம் மீதிதான் கிடைக்குமா என்பது முடிவாகிறது. எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களில் இன்று வீட்டுக்கு ஒரு பாலிசியாவது இருக்கிறது, மாதம் 150, 200 வெள்ளி என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டுகிறார்கள், ஆனால் நாமினி யார், டிரஸ்டி யார் என்று கேட்டால் “அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கிட்டாரு” என்கிறார்கள். ஏஜென்ட் மாறிப்போவார், ஊரை விட்டே போய்விடுவார். படிவம் அப்படியே இருக்கும்.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்வோம். பாலிசியை எடுத்துப் பணம் கட்டுகிறவர் பாலிசிதாரர். அவர் இறந்தால் பணம் யாருக்கு என்று அவர் எழுதிக்கொடுக்கும் பெயர் நாமினி, மலாய்ப் படிவத்தில் பெனாமா என்று இருக்கும். அந்தப் பணத்தை நாமினிக்காக வாங்கி, வைத்திருந்து, அவருக்கே செலவழித்து, உரிய நேரத்தில் ஒப்படைக்க வேண்டியவர் டிரஸ்டி, அதாவது பெமெகாங் அமானா. மாரியம்மன் கோயில் திருவிழாப் பணம் பொருளாளர் கையில் இருக்கிறது, அதனால் அது அவர் பணம் ஆகிவிடாது இல்லையா, டிரஸ்டியின் நிலையும் அதுதான். காசோலை உங்கள் பெயருக்கே வரலாம். ஆனாலும் அதில் ஒரு காசும் உங்களுடையது இல்லை.

இனி கொஞ்சம் சட்டம், இதைத் தாண்டி மேலே போக முடியாது. மலேசியாவில் இதற்கான விதிகள் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 10-வது அட்டவணையில் இருக்கின்றன. அதற்கு முன் 1996-ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் இருந்தது. முஸ்லிம் அல்லாத ஒருவர், தன் உயிர்மேல் தான் எடுத்த பாலிசிக்குத் தன் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்டால், போட்ட அந்த நிமிடமே சட்டப்படி ஒரு டிரஸ்ட் உருவாகிவிடுகிறது. வக்கீலிடம் போய்த் தனியாக எழுத வேண்டியதில்லை. மனைவி, பிள்ளை என்று யாரும் இல்லாதவர் தாயையோ தந்தையையோ போட்டாலும் அப்படியே. இப்படி உருவான டிரஸ்ட் பணம் இறந்தவரின் சொத்தில் சேராது, அவருடைய கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. கடன்காரர்களை ஏமாற்றுவதற்காகவே எடுத்த பாலிசி என்றால் அவர்கள் நீதிமன்றம் போகலாம், பாலிசியை ஏற்கெனவே பேங்கில் ஈடு வைத்திருந்தால் பேங்குக்குத்தான் முதல் உரிமை. அந்த இரண்டையும் விட்டால் இது பலமான பாதுகாப்பு.

இந்த வட்டத்துக்கு வெளியே உள்ள யாரை நாமினியாகப் போட்டாலும், அண்ணன், தம்பி, அக்காள், மாமா, நண்பர் யாராக இருந்தாலும், அங்கே டிரஸ்ட் உருவாவதில்லை. அவர் பணத்தை வாங்குவது இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவராக மட்டும்தான். அந்தப் பணம் சொத்தோடு சேரும், முதலில் கடன்களை அடைக்க வேண்டும், மிச்சத்தை உயில் இருந்தால் உயில்படியும் இல்லாவிட்டால் 1958-ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படியும் பிரிக்க வேண்டும்.

நம்மூர்க் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான், நல்ல எண்ணத்தோடுதான் சறுக்குகின்றன. “பிள்ளைங்க சின்னதா இருக்கு, அதுங்க பேர்ல போட்டா யார் வாங்குறது, தம்பி பேர்ல போட்டுருவோம், அவன் பார்த்துப்பான்” என்று தம்பியை நாமினி கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது டிரஸ்டி. எழுதியது நாமினி. என்ன வித்தியாசம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்பனை லோரி ஓட்டுகிற ஒருவருக்கு 120,000 வெள்ளிக்குப் பாலிசி. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. பேங்கில் 40,000 வெள்ளி கடன், உயில் கிடையாது, வேறு சொத்தும் கிடையாது. தம்பியை நாமினியாகப் போட்டுவிட்டு அவர் இறந்தால், 40,000 கடனுக்குப் போகும். மிச்சம் 80,000-இல் பெற்றோருக்குக் கால் பங்கு, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி என்பது சட்டம். ஆக அம்மாவுக்கு 20,000, மனைவிக்கு 20,000, பிள்ளைக்கு ஆளுக்கு 20,000. தம்பிக்கு நாமினி என்ற முறையில் எதுவும் இல்லை. அதே மனிதர் இரண்டு பிள்ளைகளையும் சரிபாதி நாமினியாகவும், தம்பியை டிரஸ்டியாகவும் எழுதியிருந்தால்? பிள்ளைக்கு ஆளுக்கு 60,000, பேங்க் அதைத் தொட முடியாது. பாட்டிக்கும் கொஞ்சம் போகட்டும் என்று அவர் நினைத்திருந்தால் அதற்கு வேறு வழி தேடியிருக்க வேண்டும், அது தனிக் கதை. ஒரே பாலிசி, ஒரே சந்தா, கட்டம் மட்டும்தான் மாறியது.

ஆகவே உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன் என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, “எந்தக் கட்டத்துல?” அண்ணனுக்கு நினைவில்லை என்றால் பிஸ்கட் டின்னில் பிறப்புச் சான்றிதழ்களோடு மடித்து வைத்திருக்கும் பாலிசியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாமினியைப் பதிவு செய்ததும் கம்பெனி அதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும், அந்தத் தாள் பாலிசியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனியில் கேட்டு வாங்கலாம். தவறான கட்டத்தில் இருந்தால் புதுப் படிவம் நிரப்பி மாற்றிவிடலாம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் 18 வயது நிரம்பியவராகவும் நாமினி அல்லாதவராகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உயிலில் எழுதிவிட்டேன், அது போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. உயில் நாமினியை மாற்றாது.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி. ஈப்போவிலோ பினாங்கிலோ பேக்டரி வேலைக்குப் போன பையன் 22 வயதில் பாலிசி எடுக்கிறான், அம்மாவை நாமினியாகப் போடுகிறான், அப்போது மனைவி பிள்ளை இல்லாததால் அம்மாவுக்காக டிரஸ்ட் உருவாகிறது. அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பாலிசியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் போய்விட்டால் பணம் முழுவதும் அம்மாவுக்குத்தான், மனைவிக்கு அதிலிருந்து ஒன்றும் வராது, அது அவன் விருப்பமாக இருந்தாலும் சரி, மறதியாக இருந்தாலும் சரி. மாற்ற நினைத்தால் அவன் உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டும், தனியாக டிரஸ்டி யாரையும் போடாததால் அந்த அம்மாவே டிரஸ்டி, அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

இந்தச் சம்மதம்தான் உயிரோடு இருக்கும் காலத்தில் டிரஸ்டியின் பெரிய வேலை. டிரஸ்ட் உருவான பாலிசியில் நாமினியை நீக்கவோ, பாலிசியைத் திருத்தவோ, முறித்துப் பணமாக எடுக்கவோ, ஈடு வைக்கவோ டிரஸ்டியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பாலிசிதாரரால் முடியாது. அண்ணன் கார் முன்பணத்துக்காகப் பாலிசியை முறிக்கலாம் என்று படிவத்தோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், நீங்கள் அண்ணனின் தம்பியாக மட்டும் அங்கே நிற்கவில்லை, அவர் பிள்ளைகளின் சார்பாகவும் நிற்கிறீர்கள். எதற்காக முறிக்கிறார், இதற்குப் பதிலாக வேறு பாலிசி இருக்கிறதா, முறித்தால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. “என் பாலிசி, நான் கட்டுறேன், நீ யாரு கேட்க?” என்று அவர் கோபப்படலாம். பணம் கட்டுவது அவர்தான், ஆனால் பிள்ளைகளுக்கென்று எழுதிக்கொடுத்த பிறகு அதைத் தன்னிஷ்டத்துக்கு எடுக்க முடியாதபடி சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது, அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார். பொறுமையாகச் சொல்லுங்கள். சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

டிரஸ்டி என்று யாரையும் போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாமினி 18 வயது நிரம்பியவர் என்றால் அவரே டிரஸ்டி. சிறு பிள்ளை என்றால் அதன் தாயோ தந்தையோ. அவர்களும் இல்லை என்றால் அரசாங்கத்தின் பொது அறங்காவலர், அதாவது 1995-லிருந்து அந்தப் பணியைச் செய்துவரும் அமானா ராயா. அப்படியானால் அண்ணன் ஏன் உங்களைத் தனியாகப் போட்டார்? அண்ணியை நம்பாததாலா? அப்படித்தான் அண்ணி நினைத்துக்கொள்வார், காரியம் முடிவதற்குள்ளாகவே வீட்டில் புகைச்சல் கிளம்பும். பிள்ளைகளை வளர்ப்பதும், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வீடு என்று முடிவெடுப்பதும் தாயின் உரிமை. அந்தப் பணத்தைப் பிடித்து வைத்துக் கணக்குச் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பணம் என் கையில் இருக்கிறது, பிள்ளை என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று போகிற டிரஸ்டிகள் உண்டு, அது தப்பு. அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அண்ணியையும் உட்கார வைத்து மூன்று பேரும் ஒருமுறை பேசிவிடுவதுதான் என் அபிப்பிராயத்தில் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிக நல்ல காரியம். முடிந்தால் அண்ணியையும் உங்களையும் சேர்த்தே இரண்டு டிரஸ்டிகளாகப் போடச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் நகரும் என்றால் சந்தேகத்துக்கும் இடம் குறையும்.

இறப்பு நேர்ந்த பிறகு பணத்தைக் கோருவது டிரஸ்டியாகிய நீங்கள். மரணச் சான்றிதழ், அசல் பாலிசி, உங்கள் ஐ.சி., பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவரின் அறிக்கை, விபத்து என்றால் போலீஸ் ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கை. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் கம்பெனி பழைய மருத்துவப் பதிவுகளை எல்லாம் கேட்டு விசாரிக்கும், அதற்குப் பதற வேண்டாம்; இரண்டு வருடம் கடந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, விண்ணப்பத்தில் இருந்த தவறைக் காரணம் காட்டி ஆயுள் பாலிசியைச் செல்லாது என்று சொல்ல முடியாது. கம்பெனி மறுத்து, அந்த முடிவு சரியில்லை என்று தோன்றினால் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்கு, அதாவது இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்புக்கு, புகார் கொண்டுபோகலாம், பொதுமக்களுக்கு அது இலவசம்.

பெரிய முட்டுக்கட்டை வருவது கல்யாணப் பதிவில். கோயிலில் தாலி கட்டி, ஊரெல்லாம் சாப்பிட்டு, 20 வருடம் குடும்பம் நடத்தியிருப்பார்கள், ஜே.பி.என். என்ற தேசியப் பதிவு இலாகாவில் பதிவு இருக்காது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவு 1982 மார்ச் 1 முதல் சட்டப்படி கட்டாயம். பதிவு இல்லாத மனைவியை நாமினியாகப் போட்டிருந்தால், அவர் மனைவி என்று நிரூபிப்பதே ஒரு போராட்டமாகிவிடும், டிரஸ்ட் உருவானதா இல்லையா என்பதே கேள்வியாகும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லாத வீடுகளிலும் இதே சிக்கல். இவற்றைச் சரிசெய்ய வேண்டியது இப்போது, ஆள் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கும்போது.

பணம் வந்ததும் அதை உங்கள் சம்பளக் கணக்கில் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பேங்கில் போய், இன்னாருக்காக டிரஸ்டியாக வைத்திருக்கும் பணம் என்று சொல்லித் தனிக் கணக்குத் திறங்கள், பிள்ளையின் பெயரும் பேங்க் பதிவில் இருக்கட்டும். வைப்புத் தொகைக்கு பி.ஐ.டி.எம்., அதாவது மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், தரும் பாதுகாப்பு ஒருவருக்கு ஒரு பேங்கில் 250,000 வெள்ளி வரை. டிரஸ்ட் கணக்கு என்று பேங்குக்கு முறையாகத் தெரிவித்திருந்தால் அது உங்கள் சொந்தப் பணத்தோடு சேராமல் தனியாகக் கணக்காகும். பிக்சட் டெபாசிட் போதும். வட்டி குறைவுதான், பரவாயில்லை. மாதம் 5 விழுக்காடு தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் திட்டத்திலோ, மச்சானின் கார் கழுவும் கடையிலோ பிள்ளைகளின் பணத்தைப் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. டிரஸ்டி எதில் முதலீடு செய்யலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 1949-ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம் இருக்கிறது, அதை மீறி நட்டம் வந்தால் உங்கள் சொந்தக் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டிவரும்.

ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, தொகை, எதற்கு, எந்தப் பிள்ளைக்கு. பள்ளிச் சீருடையும் சப்பாத்தும் 142 வெள்ளி 60 காசு, மூத்தவளுக்கு. பள்ளி வேன் 80 வெள்ளி, சின்னவனுக்கு. ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ரசீது இல்லாமல் அண்ணி கையில் கொடுத்தது என்றால் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், சங்கடப்பட வேண்டாம், அந்தக் கையெழுத்து அவருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. இரண்டு பிள்ளைகளின் பங்கையும் தனித்தனியாக எழுதுங்கள், ஏனென்றால் ஒருத்தியின் டியூஷனுக்கு இன்னொருவனின் பங்கிலிருந்து எடுக்க முடியாது. உங்கள் உழைப்புக்கு இதிலிருந்து சம்பளம் எடுத்துக்கொள்ள முடியாது. ஈப்போவுக்குப் போய்வந்த பஸ் காசு, போட்டோஸ்டேட் செலவு மாதிரி உண்மையான செலவை எடுக்கலாம்.

சொந்தக்காரர்கள் வருவார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கே கேட்பார்கள், “அவன் பணம்தானே, அவன் காரியத்துக்குத்தானே” என்று. காரியத்துக்குப் பணம் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் இது அவன் பணம் இல்லை, அவன் பிள்ளைகளின் பணம். அப்புறம் கடன்காரர் ஒருவர் வருவார், அவருக்கு இறந்தவரின் மற்ற சொத்திலிருந்து கேட்கத்தான் உரிமை, இதில் இல்லை. அப்புறம் உங்கள் வீட்டிலேயே, “மூணு மாசத்துல வெச்சுடலாம்” என்று ஒரு பேச்சு எழும். வேண்டாம். டிரஸ்டி அந்தப் பணத்தை நேர்மையில்லாமல் தன் தேவைக்கு எடுத்தால் அது குற்றவியல் சட்டத்தொகுப்பின்படி நம்பிக்கை மோசடி. 406-வது பிரிவில் ஓராண்டிலிருந்து 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. திருப்பி வைக்கத்தான் நினைத்தேன் என்று அப்போது சொல்லித் தப்பிப்பது கடினம்.

இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று தோன்றினால், ஏற்பதற்கு முன்பே மறுக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. வேறு ஆளைப் போடச் சொல்லுங்கள், அல்லது அமானா ராயாவையோ முறையாகப் பதிவுபெற்ற டிரஸ்ட் கம்பெனியையோ போடலாம், கட்டணம் இருக்கும். உங்களுக்கே வயதாகிவிட்டது, பிள்ளைகள் 18 ஆவதற்குள் நமக்கு என்ன ஆகுமோ என்றால் அதையும் மனம்விட்டுச் சொல்லி இளையவர் ஒருவரைக் கைகாட்டுங்கள்.

நம் முஸ்லிம் நண்பர்களுக்கு விதி வேறு. முஸ்லிம் ஒருவர் சாதாரண ஆயுள் பாலிசியில் மனைவியைப் போட்டாலும் பிள்ளையைப் போட்டாலும் நாமினி நிர்வகிப்பவர் மட்டுமே, பணத்தை இஸ்லாமியச் சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தக்காஃபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதி என்றால் நிபந்தனை ஹிபா, அதாவது நிபந்தனையோடு கூடிய அன்பளிப்பு, என்ற முறையில் நாமினிக்கே சேரும்படி எழுதும் வசதி இருக்கிறது, படிவத்தில் அதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிக்குப் போடும் நாமினியும் வேறு, இதை முஸ்லிம்கள், மற்றவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும். இன்சூரன்ஸ் படிவம் அங்கே செல்லாது, அங்கே தனியாகப் போட வேண்டும். வீட்டுக் கடனோடு எடுக்கும் எம்.ஆர்.டி.ஏ. பாலிசி அந்தக் கடனை அடைப்பதற்கே போகிறது, அதையும் இதோடு சேர்த்து எண்ணிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும், பாலிசிதாரர் வேறு நிபந்தனை எழுதி வைக்காத வரை, அவன் பங்கை அவன் கேட்டு வாங்கலாம். “இப்பவே கொடுத்தா மோட்டார் வாங்கித் தீர்த்துடுவான்” என்று உங்களுக்குப் பயம் வரலாம், அந்தப் பயம் நியாயமானதாகவும் இருக்கலாம், புத்தி சொல்லலாம், அதற்காகப் பிடித்து வைக்க முடியாது. அப்படி ஒரு பயம் அண்ணனுக்கே இருந்தால், 21 வயதில் கொடு, படிப்புக்கு மட்டும் முன்னால் கொடு என்பதைப் போன்ற நிபந்தனைகளோடு வக்கீலிடமோ டிரஸ்ட் கம்பெனியிடமோ முறையாக எழுதி வைப்பது அவர் கையில் இருக்கிறது. ஒப்படைக்கும் நாளில் பேங்க் கணக்கின் கடைசி அறிக்கை, அந்தப் பயிற்சிப் புத்தகம், ரசீதுகள் எல்லாவற்றையும் பிள்ளையிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்கு இன்னும் வயது வரவில்லை என்றால் அவனுடைய கணக்கு அப்படியே தொடரும்.